மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயரில் தோல் உரிந்து கம்பி தெரிகிறது, டேப் சுற்றினால் போதுமா?

குடந்தைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் கிராமத்தில் எங்கள் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. அம்மா மட்டும்தான் அங்கே, நான் கோவையில். பொங்கலுக்கு முன்னால் வெள்ளை அடிக்க ஆள் விட்டிருந்தோம், அவர்கள் ஏணியை வாகாக எங்கே சாய்க்க முடியுமோ அங்கே எல்லாம் சாய்த்திருக்கிறார்கள். இந்த வாரம் ஊருக்கு வந்து பார்த்தால் போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு வயரில் நாலு விரல்கடை நீளத்துக்குத் தோலே இல்லை, உள்ளே அலுமினியம் பளிச்சென்று தெரிகிறது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வயர் ஒரு ஜி.ஐ. கம்பியோடு கட்டப்பட்டு தெருவைக் கடந்து வருகிறது. திண்ணைக்கு மேலே ஓட்டு இறப்பை ஒட்டி ஒரு இரும்புக் குழாய், தாத்தா காலத்தது, நன்றாகத் துருப்பிடித்தது. வயர் அதன் வாய் வழியாக இறங்கி மீட்டர் பெட்டிக்கு வருகிறது. தோல் உரிந்திருப்பது குழாய் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி. மற்ற இடத்திலும் தோல் நன்றாக இல்லை, வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருக்கிறது. ஓட்டின் மேல் அணில் தொல்லை வேறு.

இன்னொன்று, மீட்டருக்குக் கீழே. மீட்டரிலிருந்து மெயின் ஸ்விட்சுக்குப் போகும் சிவப்பு வயரை முன்பு யாரோ தேவைக்கு மேல் உரித்துச் சொருகியிருக்கிறார்கள், அரை அங்குலம் செம்பு வெளியே நிற்கிறது.

உள்ளூரில் ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வேலையா சார், முந்நூறு ரூபாய் கொடுங்க, கரண்ட் ஓடும்போதே டேப் சுத்தி விட்டுடறேன்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டு நானே மர ஏணியில் ஏறி டேப் சுற்றலாமா என்று யோசிக்கிறேன். ஞாயிறு இரவு பஸ், அதற்குள் முடிக்க வேண்டும். வானம் வேறு மூட்டம் போட்டிருக்கிறது, மழை பெய்தால் அந்தத் திண்ணைச் சுவரில் கை வைத்தால் லேசாகச் சுரீர் என்கிறது என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பழைய வீடு, ஓதம் ஏறிய சுவர், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய கட்டை:

தம்பி, முதலில் ஏணியை எடுத்து உள்ளே வை. அப்புறம் படி.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வயரிங் வேலை பார்த்தவன். உன் கேள்வியில் ஒரு இடம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, "மெயினை ஆஃப் செய்துவிட்டு" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான். மெயின் ஸ்விட்ச் மீட்டருக்குப் பிறகு இருக்கிறது. நீ அதை ஆஃப் செய்தால் வீட்டுக்குள் ஃபேன் நிற்கும், லைட் அணையும், ஆனால் போஸ்ட்டிலிருந்து மீட்டர் வரை வரும் வயரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். வீடு இருட்டாக இருப்பதைப் பார்த்து வயரும் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைத்தவர்கள் கதை எனக்கு இரண்டு மூன்று தெரியும், வேண்டாம்.

மீட்டருக்குக் கீழே செம்பு தெரிகிறது என்றாயே, அதுவும் இதே கணக்குதான். மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு முழ வயரை உன் வீட்டு ஸ்விட்ச் எதுவும் நிறுத்தாது. அதை நிறுத்த மேலே ஆள் வேண்டும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக சப்ளையை வெட்டிவிடும் ஸ்விட்ச்) போட்டிருக்கிறேன், கசிவு வந்தால் டக்கென்று விழுந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 30 மில்லி ஆம்பியருக்கு விழுகிற அருமையான சாமான்தான், ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது தனக்குப் பின்னால் போகிற வயரில் நடப்பதைத்தான் பார்க்கும். முன்னால் திண்ணை மேல் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது. அந்த இடத்தைக் காக்க மிச்சம் இருப்பது டிரான்ஸ்பார்மர் கீழே பெட்டியில் இருக்கிற ஃபியூஸ், அது தெரு முழுவதும் உள்ள வீடுகளைத் தாங்குவதற்காகப் போட்டது. மனுஷ உடம்பு வழியாக 230 வோல்ட் இறங்கினால் ஓடுவது ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அவ்வளவுதான். உயிர் போக அது தாராளம். அந்த ஃபியூஸுக்கோ கொசு கடித்த மாதிரி கூட இருக்காது.

இப்போது முக்கியமான விஷயம். சுவரில் சுரீர் என்கிறது என்று கடைசியில் சாதாரணமாகப் போட்டாயே, அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஓதச் சுவர் ஷாக் அடிக்காது தம்பி, எங்கிருந்தாவது கரண்ட் வந்தால்தான் அடிக்கும். அந்த இரும்புக் குழாயை நான் சந்தேகப்படுகிறேன். பழைய குழாயை ரம்பத்தால் அறுத்து அப்படியே வைத்திருப்பார்கள், வாய் பிளேடு மாதிரி இருக்கும், காற்றில் வயர் ஆட ஆட தோலைச் சீவிக்கொண்டே இருக்கும். வெளியே நாலு விரல்கடைதான் உன் கண்ணுக்குத் தெரிகிறது, குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

அந்தக் குழாயை வீட்டில் யாராவது தொடுகிறார்களா? அதன் பக்கத்தில் தண்ணீர்க் குழாய், இரும்பு கேட், ஜன்னல் கம்பி ஏதாவது ஒட்டிக்கொண்டு இருக்கிறதா? உடனே பார்த்துச் சொல். பார்த்து என்றால் கண்ணால்.

---

எர்த்குழி:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். ஒரு சேர்க்கை: நியான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழாயில் வைத்துப் பார்க்காதீர்கள். எரிந்தால் சரி, ஏதோ இருக்கிறது என்று தெரியும். எரியவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் கிடையாது. பகல் வெளிச்சத்தில் எரிவது தெரியாது, காய்ந்த பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்றால் சரியாக எரியாது, மழையில் டெஸ்டரே நனைந்து உங்கள் கையில் அடிக்கும்.

---

குடந்தைக்காரன்:

அண்ணே, படித்ததும் வெளியே போய்ப் பார்த்தேன். குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்பில் ஒரு ஆணி துருத்திக்கொண்டு நிற்கிறது. அம்மா குடையை மாட்டுகிற இடமே அதுதான். இரும்புக் கம்பி வைத்த கறுப்புக் குடை. வருஷக்கணக்காக மாட்டி எடுக்கிறாராம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

குடையை நான் எடுக்கவில்லை, அப்படியே தொங்குகிறது. அம்மாவைக் கொல்லைப் பக்க வாசலைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டேன். திண்ணைக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டு அடைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்காரும்.

அந்த எலக்ட்ரீசியன் மறுபடி போன் செய்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தம் அவருக்கு.

---

செல்விக்கா:

தம்பி, கட்டிலைப் போட்டு அடைத்தது நல்ல காரியம். நான் எலக்ட்ரீசியன் இல்லை, மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்த வீட்டுக்காரி, ஆனாலும் இதில் பட்ட அனுபவம் இருப்பதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் சர்வீஸ் வயரைத் தாங்கி வரும் அந்த ஜி.ஐ. கம்பி கைக்கு எட்டும் உயரத்தில் போகும். என் மாமியார் அதில்தான் துணி காயப்போடுவார். அது வெறும் தாங்கு கம்பிதானே, கரண்ட் வயர் கறுப்பாகத் தனியாகத்தானே போகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஐப்பசி மழையில் ஈரப் புடவையை எடுக்கப் போனவர் "அம்மா" என்று கத்திக்கொண்டு பின்னால் விழுந்தார். விழுந்ததால் பிழைத்தார், பிடித்துக்கொண்டிருந்தால் போயிருப்பார். அப்புறம் ஆள் வந்து பார்த்ததில், வயரைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரு இடத்தில் உரசி உரசித் தோல் போய் அலுமினியம் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே நின்று பார்த்தால் ஒரு எழவும் தெரியாது. கம்பி முழுவதும் கரண்ட்.

அதனால் உங்கள் வீட்டிலும் அந்தக் கம்பியில் எதையும் மாட்டாதீர்கள், கேபிள் டிவி வயரைக்கூட அதோடு சேர்த்துக் கட்டியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வீட்டில் அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள், யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் ஓடிப்போய் இழுக்கக் கூடாது. வீட்டுக்குள் என்றால் மெயினை ஆஃப் செய்யலாம், இது வெளியே, ஆஃப் செய்ய முடியாது. காய்ந்த மரக்கட்டை, காய்ந்த மூங்கில் கழி, அதால் தள்ளிவிட வேண்டும், காலடியில் ஈரம் இருக்கக் கூடாது. உடனே 108. மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி வரும் வரை.

---

டேப் மாமா:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள், நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். நாட்டில் பாதி வீட்டில் டேப் சுற்றித்தான் ஓடுகிறது. நல்ல கம்பெனி டேப்பாக வாங்கி நாலு சுற்று இறுக்கிச் சுற்றினால் பத்து வருஷம் தாங்கும். நான் சுற்றியதே இன்னும் இருக்கிறது. இதற்குப் போய் ஆபீஸ், மனு, காத்திருப்பு. சர்வீஸ் வயரை மாற்றினால் செலவு யார் கொடுப்பார்கள்?

---

பழைய கட்டை:

மாமா, நீங்கள் சுற்றியது நிழலில் இருக்கிறதா வெயிலில் இருக்கிறதா என்று சொல்லவில்லையே.

நானும் டேப் சுற்றியவன்தான், பெருமை பேசவில்லை. சாதாரண பி.வி.சி. டேப்பின் பசை நம் ஊர் சித்திரை வெயிலில் இளகி வழியும், இரண்டு கோடையில் ஓரம் பிரிந்து நாக்கு மாதிரித் தொங்கும். அதற்குள் மழைத் தண்ணீர் போய் உட்காரும், வெளியே வராது. ஒரு தடவை அப்படிப் பழைய டேப்பைப் பிரித்தபோது உள்ளே அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்தது, ஏழு இழையில் இரண்டோ மூன்றோதான் முழுசாக இருந்தது. அந்த வீட்டில் மோட்டார் போட்டால் லைட் மங்குகிறது என்று மோட்டாரை இரண்டு தடவை பிரித்து மாட்டியிருந்தார்கள். மேலே மூடியிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

கண்ணுக்குத் தெரிகிற காயத்தையாவது ஆள் பார்த்து ஒதுங்கிப் போவான். டேப்புக்குள் மறைத்த காயத்தை யார் பார்ப்பார்? அதுதான் என் சண்டை.

சப்ளையை நிறுத்தி, வயரைத் துடைத்து, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துப் பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரி சுற்றி, அதன் மேல் பி.வி.சி. டேப் போட்டால் அது ஒரு மாதிரி நியாயமான தற்காலிக வேலை. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழல், இன்னும் நல்லது, ஆனால் அதை நுழைக்க வயரின் ஒரு முனையைக் கழற்ற வேண்டும், கழற்றினாலே பாதி வேலை முடிந்ததே, புது வயரே போட்டுவிடலாம். ஒரே ஒரு இடத்தில் ஏணி உரசிய கீறல், மற்ற வயர் புதுசு என்றால் இந்த வைத்தியம் செய்யலாம். தம்பி வீட்டில் வயர் முழுக்க அப்பளமாகிவிட்டது என்கிறார். வெயிலில் பி.வி.சி.யில் உள்ள எண்ணெய்ப் பசை போய்விட்டால் தொட்ட இடமெல்லாம் வெடிக்கும், டேப் சுற்ற வளைத்தாலே பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும்.

அப்புறம் சட்டம். மீட்டரின் சீலை உடைத்து அடியில் உள்ள மூடியைத் திறக்க உனக்கும் உரிமை இல்லை, அந்த முந்நூறு ரூபாய்க்காரருக்கும் இல்லை. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 138, மூன்று வருஷம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட விழலாம். நல்ல எண்ணத்தில் டேப் சுற்றத்தான் திறந்தேன் என்று அப்புறம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

---

எர்த்குழி:

செலவு பற்றி மாமா கேட்டதற்கு: சப்ளை கொடுப்பவர் தன் வயரையும் கருவிகளையும் நம் வீட்டு எல்லைக்குள்ளும் ஆபத்தில்லாத நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பாதுகாப்பு விதி. நம் பங்கு, அதைச் சேதப்படுத்தாமல் பார்த்துக்கொள்வதும் சேதம் தெரிந்தால் சொல்வதும். இங்கே ஏணி சாய்த்தது நம் ஆள், அதனால் புது வயர் வாங்கித் தரச் சொன்னால் வாதாடிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், அம்மா தனியாக இருக்கிற வீடு.

வாங்குவதாக இருந்தால், வீட்டுக்குள் போடுகிற சிவப்பு, மஞ்சள் வயரைக் கொண்டுவந்து வெளியே இழுக்காதீர்கள், வெயில் தாங்காது. வெளியே போடுவதற்கான கறுப்பு உறை போட்ட வயர் தனி. உறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 694 என்ற எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். என்ன அளவு என்று உங்கள் லோடைச் சொல்லி அவர்களிடமே கேளுங்கள். போஸ்ட்டிலிருந்து மீட்டர் வரை ஒரே வயர், நடுவில் ஒட்டு கூடாது. பழைய வயரோடு ஒரு துண்டு செம்பு வயரை முறுக்கி நீளம் கூட்டுவார்கள், செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்துச் சூடாகி அந்த முறுக்கில்தான் பொசுங்கும்.

ஃபோன் செய்ய: மின்வாரியத்தின் புகார் மையம் மின்னகம், 94987 94987. 2021-ல் தொடங்கியது, ராத்திரியிலும் எடுப்பார்கள். இ.பி. கார்டில் உள்ள சர்வீஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "வயர் பழசாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள், அது வரிசையில் கடைசிக்குப் போய்விடும். "சர்வீஸ் வயரில் தோல் உரிந்து சுவரில் ஷாக் அடிக்கிறது, வயதானவர் தனியாக இருக்கிறார்" என்று சொல்லுங்கள். உள்ளதும் அதுதானே.

---

குடந்தைக்காரன்:

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரியே போன் செய்தேன், எர்த்குழி சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். மறுநாள் காலை காபி குடித்து முடிப்பதற்குள் லைன்மேனும் உதவிக்கு ஒருவரும் வந்துவிட்டார்கள். லைன்மேன் கட்டிலைத் தாண்டவே இல்லை, வெளியே நின்றே குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் டிரான்ஸ்பார்மர் பக்கம் போய்விட்டார். தெருவுக்கே கரண்ட் போனது. அப்புறம் போஸ்ட்டில் ஏறி எங்கள் வயரை மட்டும் கழற்றிவிட்டு மற்ற வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். வயர் நான் வாங்கித் தந்தேன், கடைக்கு எந்த வயர் என்று அவர்களே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

பழைய வயரைக் குழாயிலிருந்து உருவியபோதுதான் தெரிந்தது. வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே, இரண்டு இடத்தில் தோல் சீவிப் போயிருந்தது, ஒரு இடத்தில் அலுமினியமும் தேய்ந்து தட்டையாக இருந்தது. குழாயின் உள்பக்கம் அந்த இடம் மட்டும் கறுத்து, சின்னச் சின்னக் குழியாக இருந்தது. பழைய கட்டை அண்ணன் பார்க்காமலே சொன்னது சரி. ஏணி உரசியது புதுக் காயம், வெள்ளை அடித்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன், உண்மையில் அவர்களால்தான் மேலே நிமிர்ந்து பார்த்தேன்.

இரும்புக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு கனமான பி.வி.சி. குழாய் வைத்தோம். வாயைக் கீழ்ப்பக்கம் பார்த்து வளைத்துவிட்டார்கள், நுழைவதற்கு முன் வயரைக் கொஞ்சம் தொங்கல் விட்டிருக்கிறார்கள், தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடுமாம், உள்ளே போகாதாம். தாங்கு கம்பியையும் மாற்றி இரண்டு முனையிலும் பீங்கான் போட்டார்கள். மீட்டருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த செம்பையும் அளவாக வெட்டிச் சொருகி, சீல் வைத்து, மூடியைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் ஆர்.சி.சி.பி. இல்லை, அதற்கும் எர்த் புதுப்பிக்கவும் லைசென்ஸ் உள்ள வேறு ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறார். டேப் மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், வெட்டிப்போட்ட பழைய வயரில் ஒரு சாண் எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்தால் நீங்களே டேப்பைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

செல்விக்கா, அம்மாவிடம் மூங்கில் கழி விஷயத்தைச் சொன்னேன், கொல்லையில் ஒன்று வெட்டிக் காயவைத்திருக்கிறார்.

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. புதுக் குழாயில் ஆணி இல்லையாம், குடையை இனி எங்கே மாட்டுவது என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.